சுழிப்பிழை

எதையும் கடிக்காமல் வெறும் வாயை மூடினால்
சுழியில் நிற்க வேண்டும்.
என் மைக்ரோமீட்டர்
இரண்டு கோடு தள்ளி நின்றது.

மாலை ஐந்தே கால்.
கணபதியில் சந்துக்குள் சந்து,
லேத்துகள் ஒவ்வொன்றாய் அணைகிற நேரம்.
துடைத்துப் பெட்டியில் வைக்கப் போனவள்
சும்மாதான் மூடிப் பார்த்தேன்.

காலையில் பார்த்திருக்க வேண்டும்.
அன்னூர் பஸ் அரை மணி லேட்,
ஓடி வந்து கையெழுத்துப் போட்டு
முதல் ஷாஃப்டை எடுத்துவிட்டேன்.
ஐ.டி.ஐ. பரீட்சையில்
'சுழிப்பிழை என்றால் என்ன?'
இரண்டு மார்க் கேள்வி.
இரண்டும் வாங்கியிருக்கிறேன்.

பம்ப் மோட்டார் ஷாஃப்ட், விட்டம் இருபது.
பத்தொன்பது புள்ளி ஒன்பது எட்டு வரை இறங்கலாம்,
இருபதுக்கு மேல் ஏறக் கூடாது.
ஒரு நூல் பிசகினால் என்று இங்கே சொல்ல முடியாது,
நூல் என்பது தச்சுப் பட்டறைக் கணக்கு,
எங்கள் பிசகு
அதில் முந்நூற்றில் ஒரு பங்கு.

இருநூற்று நாற்பது அளந்திருந்தேன்.
நூற்று எண்பத்தாறுக்குப் பச்சை,
ஐம்பத்து நாலுக்குச் சிவப்பு.
கருவி கூட்டிச் சொல்லியிருக்கிறது, எல்லாவற்றுக்கும்.
அப்படியென்றால்
பருமன் என்று நான் தள்ளியது சரியானது,
சரியென்று அனுப்பியதில் எதெதுவோ மெலிந்தது.
பச்சையெல்லாம் நாலு மணிக்கே வண்டி ஏறியாயிற்று.

மயில்சாமியண்ணன் கை கழுவிக்கொண்டிருந்தார்.
"கெணத்துத் தண்ணி எறைக்கற மோட்டாருக்கு
இருவது மைக்ரான் என்னம்மணி பண்ணிப்போடும்?
சித்த நேரம் பேசாம இரு."

பேசாமல்தான் இருந்தேன், சித்த நேரம்.
பேரிங் பிடிப்பில்லாமல் நழுவும்,
சுடும்,
காங்கயம் பக்கம் எவரோ ஒருவரின் காட்டில்
எண்ணூறடி ஆழத்தில் அது நிற்கும்.
குழாய் குழாயாய்க் கழற்றி மேலே தூக்குகிற கூலிக்கு
என் மூன்று மாத ஸ்டைபண்டு காணாது.
இதை அவரிடம் சொல்லவில்லை.
படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினேன்.

காரணம்: மனிதன், இயந்திரம், பொருள், முறை.
ஏதாவது ஒன்றை டிக் செய்க.
மனுஷிக்குக் கட்டமில்லை.
மனிதனில் போட்டேன்.
பெயர்: ச. சௌடேஸ்வரி, அப்ரண்டிஸ்.
தேதியை இரண்டு முறை அடித்து எழுதினேன்.

எட்டிப் படித்தார்.
ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்து
"ஏனுங் ரங்கா, எங்கிருக்கற?
சின்னியம்பாளையமா?
டீயக் குடிச்சுப்போட்டு
வண்டியத் திருப்பு" என்றார்.

ஏழு மணிக்குத் திரும்பி வந்தன.
வேறு மைக்ரோமீட்டர்.
மூடினேன், சுழி.
திறந்து இன்னொரு தரம் மூடினேன், சுழி.
ராட்செட் மூன்று முறை கிளிக்கென்று சொல்ல,
நான் எண்ணைச் சொல்ல,
மயில்சாமியண்ணன் எழுதினார்.
அவர் கையெழுத்து
இவ்வளவு குண்டு குண்டாய் இருக்குமென்று
அதுவரை தெரியாது.

பச்சையில் முப்பத்தொன்று மெலிவு.
அதற்கு மருந்தில்லை,
கடைந்ததை ஒட்ட முடியாது.
சிவப்பில் நாற்பத்தொன்பது நல்லவை.
தின்னர் தொட்டுத் துடைக்கத் துடைக்க
விரல் வெந்தது, நகக்கண்ணில் சிவப்பு ஏறியது.
ஒன்பதரைக்கு
இருநூற்று மூன்று உருப்படிகளோடு வண்டி கிளம்பியது.
ரங்கன் என்னைப் பார்த்து முறைத்தானா
சிரித்தானா, ஹெட்லைட்டில் தெரியவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம்.
பத்தொன்பது புள்ளி ஒன்பது எட்டு,
சரியாக எல்லைக் கோட்டின் மேல்.
கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே என்று ஒரு தரம்,
வெளியே என்று ஒரு தரம்.
பகல் சூட்டில் இரும்பு கொஞ்சம் பருக்கும்,
இரவில் இளைக்கும்,
என் உள்ளங்கைச் சூடு வேறு.
எந்த நேரத்து அளவை அதன் அளவு என்பது?

பச்சையைத் துடைத்தேன்.
சிவப்பைப் பூசவில்லை.
மேசை டிராயருக்குள்
பிழையுள்ள மைக்ரோமீட்டருக்குப் பக்கத்தில்
உருண்டுகொண்டிருக்கிறது,
ஒவ்வொரு முறை திறக்கும்போதும்.